பார்வையிட வருகிறவர் யாருக்குப் பதில் சொல்கிறார்?

(வெள்ளிமலையில் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)

தோழர்களே, மலைமேல் வாழும் உறவுகளே, கைப்பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே,

'பள்ளி ஆய்வும் அதிகாரமும்' என்று நோட்டீசில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்த ஒரு தோழர் என்னிடம் கேட்டார்: "நிலம், பட்டா, வனத்துறைக் கெடுபிடி, சாராய வழக்குன்னு பேச எவ்வளவோ கெடக்கு. இன்ஸ்பெக்டர் கதை, ஆபீசர் கதையெல்லாம் நமக்கு எதுக்கு?"

நியாயமான கேள்விதான். என் பதில் இதுதான். நிலத்தைப் பிடுங்குகிறவனைக் கண்ணால் பார்க்கலாம். அவனுக்குப் பேர் உண்டு, ஊர் உண்டு. படிப்பைப் பிடுங்குகிறவன் அப்படித் தெரிய மாட்டான். அது ஒரு அதிகார வரிசை. யாருக்கு மேலே யார், யார் தப்பு செய்தால் யார் கேட்பது என்கிற வரிசை. அதில் எங்கே ஓட்டை என்று தெரிந்தால்தான் நம் பிள்ளைகள் எங்கே விழுந்து காணாமல் போகிறார்கள் என்று தெரியும்.

வரிசையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊராட்சி ஒன்றியப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியருக்கு மேலே வட்டாரக் கல்வி அலுவலர். சில வருசத்துக்கு முன்னால் உதவித் தொடக்கக் கல்வி அலுவலர், ஏ.இ.இ.ஓ. என்றோம். அதற்கும் முன்னால் டெப்டி இன்ஸ்பெக்டர். பெரியவர்கள் இன்னும் 'டிப்டி' என்றுதான் சொல்வார்கள். அவருக்கு மேலே மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கு மேலே முதன்மைக் கல்வி அலுவலர், அதற்கும் மேலே சென்னையில் தொடக்கக் கல்வி இயக்குநர், செயலாளர், அமைச்சர். நல்லதோ கெட்டதோ, இது ஒரே நூலில் கோத்த வரிசை. ஆசிரியர் பள்ளிக்கு வரவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியும்.

இப்போது நம் மலையில் இருக்கிற அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியைப் பாருங்கள். இது பள்ளிக் கல்வித் துறையின் பள்ளி அல்ல, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறையின் பள்ளி. தலைமையாசிரியருக்கு மேலே பழங்குடியினர் நலத் திட்ட அலுவலர், மாவட்ட நல அலுவலர். அவர்களுக்கு மேலே மாவட்ட ஆட்சியர். சென்னையில் பழங்குடியினர் நல இயக்குநர். சமவெளியில் இருக்கிற ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்றால் நடுவில் தனி வட்டாட்சியரும் வருவார். இவர்களில் பலர் வருவாய்த் துறையில் இருந்து வந்தவர்கள். நேற்று நில அளவையும் சாதிச் சான்றும் பார்த்தவர், இன்று பள்ளிக்கூடம் பார்க்கிறார், நாளை வேறு இருக்கைக்குப் போய்விடுவார். கட்டடமா, அது தாட்கோ. பாடநூல், தேர்வு, எமிஸ் எண், ஆசிரியர் பயிற்சி எல்லாம் பள்ளிக் கல்வித் துறை. சோறு, போர்வை, சம்பளம், மாறுதல் எல்லாம் நலத் துறை.

கல்வி அலுவலர் வந்தால் பாடம் பார்க்கலாம், குறிப்பு எழுதலாம். அதற்கு மேல் அவர் கையில் ஒன்றும் இல்லை. மெமோ கொடுப்பதும், பதினேழு-பி போடுவதும், இடம் மாற்றுவதும் நலத் துறையின் அதிகாரம். நலத் துறை அலுவலர் வந்தால் அதிகாரம் முழுக்க அவரிடம் இருக்கிறது. ஆனால் நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு வகுத்தல் கணக்கு வருகிறதா என்று சோதிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. பாடம் தெரிந்தவருக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவருக்குப் பாடம் தெரியாது. இரண்டு வரிசையும் ஆட்சியர் மேசையில் ஒருமுறை சந்திக்கும். ஆட்சியருக்கு அன்றைக்கு நூறு வேலை. அடுத்தபடியாகச் சந்திப்பது தலைமைச் செயலகத்தில்தான்.

இந்த இரட்டை வரிசை எப்படி வந்தது? இதை யாரும் சும்மா உட்கார்ந்து திட்டம் போட்டு உண்டாக்கவில்லை. தீண்டாமை உண்டாக்கியது.

1854-இல் வுட் என்பவரின் கல்வி அறிக்கை வந்தது. அதன்படி சென்னை மாகாணத்தில் பொதுக் கல்வி இயக்குநர் என்கிற பதவி உண்டானது. ஆர்பத்நாட் என்கிற வெள்ளைக்காரர் முதல் இயக்குநர். அந்தப் பதவியின் ஆங்கில முதலெழுத்துகள்தான் டி.பி.ஐ. சென்னை கல்லூரிச் சாலையில் உள்ள கல்வி வளாகத்தை எல்லோரும் டி.பி.ஐ. என்றே கூப்பிட்டார்கள், 2022-இல்தான் அதற்குப் பேராசிரியர் அன்பழகன் பெயர் வைத்தார்கள். இயக்குநருக்குக் கீழே இன்ஸ்பெக்டர்கள், அவர்களுக்குக் கீழே டெப்டி இன்ஸ்பெக்டர்கள். மேலே வெள்ளைக்காரர், கீழே நம்ம ஊர்ப் படித்த வகுப்பார். அந்தக் காலத்தில் படித்த வகுப்பார் என்றால் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்போது தேர்ச்சிக்கு ஏற்ற மானியம் என்று ஒரு முறை இருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். தேறின தலையை எண்ணிப் பள்ளிக்குக் காசு. ஆக, இன்ஸ்பெக்டர் காலடி படாத பள்ளிக்கு மானியம் இல்லை. சேரிக்குள் நுழைந்தால் தீட்டு என்று நினைக்கிறவரின் காலடியில் சேரிப் பள்ளியின் உயிர் இருந்தது. யோசித்துப் பாருங்கள்.

1882-இல் ஹண்டர் கல்விக் குழுவிடம் மகாத்மா ஜோதிராவ் புலே ஒரு மனு கொடுத்தார். அம்பேத்கர் தன் ஆசான்களில் ஒருவராக ஏற்றுக்கொண்ட அதே புலே. ஆசிரியர்கள் ஏறக்குறைய எல்லோருமே பார்ப்பனர்களாக இருக்கிறார்கள், உழைக்கும் சாதிகளில் இருந்து ஆசிரியர்களை எடுங்கள் என்று அதில் கேட்டார். அதைப் பலரும் சொல்வார்கள். அதே மனுவில் அவர் ஆய்வு முறை பற்றியும் பேசியதை யாரும் சொல்வதில்லை. வருசத்துக்கு ஒருமுறை டெப்டி இன்ஸ்பெக்டர் வந்து போவதில் புண்ணியமில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வர வேண்டும், சொல்லாமல் கொள்ளாமல் வர வேண்டும் என்றார். மாவட்ட அதிகாரியையும் கிராம அதிகாரியையும் இதற்கு நம்பிப் பயனில்லை, அவர்களுக்கு வேறு ஆயிரம் வேலை என்றும் சொன்னார். நூற்று நாற்பது வருசத்துக்கு மேல் ஆகிறது, தோழர்களே. வருவாய்த் துறைக்காரர் பள்ளிக்கூடம் பார்த்தால் என்ன ஆகும் என்று அந்த மனிதர் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

நம் மாகாணத்துக்கு வருவோம். 1893-இல் 'பஞ்சமர்' கல்விக்கு என்று அரசு ஒரு தனி ஆணை போட்டது. சலுகைகள் வந்தன, பள்ளிகள் வரவில்லை. வந்த பள்ளிகளும் பெரும்பாலும் மிசன் பள்ளிகள். ஊருக்குள் இருக்கிற பொதுப் பள்ளியில் நம் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டேன் என்றார்கள். 1920 வாக்கில் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் நலனைத் தொழிலாளர் ஆணையரிடம் அரசு ஒப்படைத்தது. தொழிலாளர் துறை தனியாகப் பள்ளிகள் திறந்தது. எம்.சி.ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் சட்டமன்றத்தில் நின்று கேட்டுக் கேட்டு வாங்கிய காலம் அது. 1922-இல் 'பறையர்', 'பஞ்சமர்' என்று எழுதுவதை விட்டு 'ஆதிதிராவிடர்' என்று எழுத ஆணை வாங்கியதும் எம்.சி.ராஜாவின் தீர்மானத்தால்தான். விடுதலைக்குப் பிறகு தொழிலாளர் துறைப் பள்ளி ஹரிஜன நலப் பள்ளி ஆனது, பிறகு ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆனது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இதே தொழிலாளர் துறை வழியாகக் கிளைத்தவைதான். ஜவ்வாது மலையில் வனத்துறையும் பள்ளிக்கூடம் நடத்தியது.

ஆக, பொதுப் பள்ளிக்காரன் கதவைச் சாத்தினான். அரசு அந்தக் கதவை உடைக்காமல் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு வைத்துக் கொடுத்தது. அந்தச் சின்னக் கதவு வழியாகத்தான் என் அப்பா தலைமுறை எழுத்தறிந்தது. அதை நான் ஒருநாளும் இழிவாகப் பேச மாட்டேன். ஆனால் ஊரும் சேரியும் போலப் பள்ளிக்கூடமும் இரண்டு, அதைப் பார்க்க வருகிற அதிகாரியும் இரண்டு என்று ஆனது அங்கேதான்.

நான் சமவெளியில் நலத் துறைப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஊர், எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை, தேவையும் இல்லை. ஒவ்வொரு பள்ளியிலும் பார்வைப் புத்தகம் என்று ஒன்று இருக்கும். வருகிற அதிகாரி அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பள்ளியில் பொறுப்பு ஏற்றபோது பழைய பார்வைப் புத்தகங்களை எடுத்து முதல் பக்கத்தில் இருந்து வாசித்தேன். பல கையெழுத்து, பல மை, வாசகம் ஒன்றே. "பள்ளி பார்வையிடப்பட்டது. மாணவர் வருகை சரிபார்க்கப்பட்டது. அரிசி, பருப்பு இருப்பு சரியாக உள்ளது. சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்துக்கொள்ள அறிவுறுத்தப்பட்டது." இதேதான் வருசக் கணக்காக. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன் என்று ஒரு வரி இல்லை. கணக்குப் போடச் சொன்னேன் என்று ஒரு வரி இல்லை. மூட்டையை எண்ணினார்கள், தலையை எண்ணினார்கள். தலைக்குள் என்ன இருக்கிறது என்று எவரும் கேட்கவில்லை.

அந்தப் பள்ளிக்குக் கணக்கு ஆசிரியர் இல்லை. கல்வி அலுவலகம் ஒன்றுக்கு எழுதினேன். "தங்கள் பள்ளி இவ்வலுவலகக் கட்டுப்பாட்டில் இல்லை" என்று பதில் வந்தது. சரியான பதில், விதிப்படி. நலத் துறை அலுவலகம் ஒன்றுக்கு எழுதினேன். "காலிப்பணியிட விவரம் மேலிடத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று வந்தது. அதுவும் விதிப்படி சரி. இரண்டு சரியான பதில்களுக்கு நடுவில் இரண்டு வருசம் பிள்ளைகள் கணக்கு இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தனி மனிதன் கெட்டவன் என்றால் சண்டை போட்டுச் சரி செய்யலாம். இங்கே எல்லோரும் விதிப்படி நல்லவர்கள். பிள்ளை மட்டும் பெயில்.

அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று ஒன்றை நமக்கு விளக்கினார். சாதியில் ஒவ்வொருவனுக்கும் குனிந்து கும்பிட ஒருவன் மேலே இருப்பான், மிதிக்க ஒருவன் கீழே இருப்பான்; அதனால் யாருக்கும் மொத்தமாக எதிர்க்கும் கோபம் வராது. ஆய்வு வரிசையும் அந்த அச்சில் வார்த்ததுதான். இயக்குநர் வருகிறார் என்றால் மாவட்ட அலுவலர் முதல்நாளே ஓடி வருகிறார். மாவட்ட அலுவலர் வருகிறார் என்றால் தலைமையாசிரியர் சுண்ணாம்பு அடிக்கிறார். தலைமையாசிரியர் உதவி ஆசிரியரை விரட்டுகிறார். ஆசிரியர் பிள்ளையை விரட்டுகிறார். முற்றத்தைக் கூட்டு, கக்கூசைக் கழுவு. எந்தப் பிள்ளையைக் கழுவச் சொல்கிறார்கள் என்று பார்த்தால் அங்கேயும் சாதி இளிக்கும். மேலிருந்து புறப்பட்ட பயம் கடைசியில் ஒரு குழந்தையின் கையில் விளக்குமாறாக வந்து சேர்கிறது. இதற்குப் பேர் ஆய்வு.

இங்கே காலையில் ஒரு அம்மா கேட்டது: "வர்ற சாருங்க எல்லாம் ஜீப்ப விட்டு எறங்கி நேரா சமையக்கட்டுக்குப் போறாங்க. அப்புறம் ஆபீஸ் ரூமுக்குப் போறாங்க. எங்க பசங்கள ஒரு வார்த்தை கேக்கறதில்லையே, ஏன் சார்?" அந்த அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். நிர்வாகத்தின் கோளாறை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல உண்டு உறைவிடப் பள்ளிகளில் தலைமையாசிரியரே விடுதிக் காப்பாளர். காய்கறிக் கணக்கும் அவர்தான், கணக்குப் பாடமும் அவர்தான். வருகிற அதிகாரி முதல் கணக்கைக் கேட்டால் பதில் இல்லாவிட்டால் வேலை போகும். இரண்டாவது கணக்கைக் கேட்பாரே இல்லை. அவர் எதைக் கவனிப்பார்?

இந்த மலைக்கு இன்னொரு வரலாறு உண்டு. நாட்டுக்கு 1947-இல் விடுதலை. கல்வராயன் மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்களின் கீழ் 1976 வரை இருந்தது. அந்த வருசம்தான் அரசு நேரடியாக மலையை எடுத்துக்கொண்டது. மற்ற ஊர்களில் ரெண்டு தலைமுறை படித்து முடித்த பிறகு இங்கே அரசாங்கம் என்ற ஒன்று ஏறி வந்தது. ஏறி வந்த அரசின் தலைமையிடமாவது பக்கத்தில் இருந்ததா? 1993 வரை தென்னாற்காடு மாவட்டம்; அதிகாரி கடலூரில், கடல் ஓரத்தில். பிறகு விழுப்புரம். 2019 நவம்பரில்தான் கள்ளக்குறிச்சி மாவட்டம். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வளைந்து வளைந்து ஏறுகிற இந்தப் பாதையைக் கடலூரில் இருந்து வந்து எத்தனை பேர் ஏறியிருப்பார்கள்? இப்போது தலைமையிடம் அடிவாரத்துப் பக்கம் வந்துவிட்டது. 'தூரம்' என்ற சாக்கு இனிச் செல்லாது.

இடையில் அரசு தன் வரிசையை மாற்றி மாற்றி அடுக்குவதையும் பார்த்தோம். 1981 ஜூனில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனார்கள். 2018-இல் மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர் பதவியை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் முதன்மைக் கல்வி அலுவலரின் கீழ் கொண்டு வந்தார்கள். 2022-இல் மறுபடி தொடக்கக் கல்விக்குத் தனி, இடைநிலைக்குத் தனி, தனியார் பள்ளிக்குத் தனி என்று மாவட்டக் கல்வி அலுவலர்களைப் பிரித்தார்கள். இந்த அடுக்கல் எதிலும் நலத் துறைப் பள்ளி நாற்காலிக்கு இடம் இல்லை. அது வேறு வீட்டுப் பிள்ளை.

2023 மார்ச் நிதிநிலை அறிக்கையில், பல துறைகள் நடத்துகிற பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்போம் என்று அறிவித்தார்கள். அந்த ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையிலும், பள்ளிப் பெயர்களில் இருந்து சாதி அடையாளத்தை எடுக்க வேண்டும், பள்ளிகளை ஒரே துறையின் கீழ் கொண்டு வர வேண்டும் என்று பரிந்துரை இருக்கிறது.

நம் தோழர்களிடமே இதில் இரண்டு கருத்து உண்டு. இணைத்தால் 'ஹரிஜன ஸ்கூல்' என்று ஊர்க்காரன் சொல்கிற இளக்காரம் போகும் என்கிறது ஒரு பக்கம். இணைத்தால் நமக்கென்று இருக்கிற நிதி கரையும், நம் ஆட்களின் ஆசிரியர் இடங்கள் கரையும், பிள்ளைகள் குறைவு என்று சொல்லிப் பள்ளியை மூடுவார்கள் என்கிறது இன்னொரு பக்கம். இரண்டாவது பயத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. மலையில் பள்ளியை மூடினால் அடுத்த பள்ளிக்குப் பிள்ளை காடு தாண்டி நடக்க வேண்டும்.

என் நிலையைச் சொல்கிறேன். பாடம் பார்க்கிற அதிகாரம் ஒன்றாக வேண்டும். நம் பள்ளி ஆசிரியரும் ஒன்றியப் பள்ளி ஆசிரியரும் ஒரே அலுவலருக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த அலுவலருக்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரமும் இருக்க வேண்டும், கணக்கு ஆசிரியரைக் கொடுக்கும் கடமையும் இருக்க வேண்டும். விடுதியும் சோறும் தனிக் காப்பாளரிடம் போக வேண்டும். நிதி மட்டும் தனியாக, நம் பேரிலேயே நிற்க வேண்டும். 2024-இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு என்று தமிழ்நாட்டில் சட்டமே வந்துவிட்டது. மக்கள் தொகைக்கு ஏற்ற நிதியைத் தனியே ஒதுக்கச் சட்டம் இருக்கும்போது, பணத்தைக் காப்பதற்காகப் பள்ளியைத் தனியே ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. பணத்துக்குத் தனி வேலி போடுங்கள், பிள்ளைகளுக்கு வேலி வேண்டாம் என்கிறேன்.

இது அரசு செய்ய வேண்டியது. அதுவரை நாம் கை கட்டி உட்காரப் போகிறோமா?

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. அதன்படி ஒவ்வொரு பள்ளிக்கும் மேலாண்மைக் குழு. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது இந்தக் குழுவின் வேலை என்று சட்டமே சொல்கிறது. ஆக, ஆய்வு வரிசையில் கடைசியில் நிற்பவர்கள் என்று உங்களை நினைத்துக்கொண்டிருந்தார்கள். சட்டப்படி நீங்களும் ஆய்வாளர்கள்தான். ஜீப் இல்லாத ஆய்வாளர்கள். தினமும் பள்ளி வாசலைத் தாண்டிப் போகிற ஆய்வாளர்கள்.

மூன்று காரியம் செய்யலாம். ஒன்று, குழுக் கூட்டத்தில் பார்வைப் புத்தகத்தில் எழுதியிருப்பதைச் சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் காது இருக்கிறது. வந்த அதிகாரி எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்று ஊருக்குத் தெரியட்டும். இரண்டு, கடந்த ஆண்டாய்வு அறிக்கையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய், முப்பது நாளில் பதில் தர வேண்டும். இரண்டு துறைக்கும் தனித்தனியாகப் போடுங்கள். 'எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை' என்று ஒரு துறை எழுதிக் கொடுத்தால் அதைக் கிழிக்காதீர்கள், பத்திரமாக வையுங்கள்; அந்தக் காகிதம்தான் நம் சாட்சி. மூன்று, அதிகாரி வரும் நாளில் பிள்ளைகள் வாசிக்க வேண்டும், பெற்றோர் முன்னால் வாசிக்க வேண்டும் என்று குழுவில் தீர்மானம் போடுங்கள். தீர்மானத்தை மினிட் புத்தகத்தில் எழுத வைத்துக் கையெழுத்தோ கைநாட்டோ போடுங்கள்.

இதெல்லாம் சின்ன வேலை மாதிரித் தெரியும். என்ன பணயத்தில் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். 2015 ஏப்ரலில் சேசாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று சொல்லி 20 பேரை ஆந்திரக் காவல் துறை சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலையிலும் சித்தேரி மலையிலும் நம்மைப் போன்ற வீடுகளில் பிறந்த பிள்ளைகள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விசச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பெரும்பாலும் உழைக்கும் தலித் மக்கள். அதற்குப் பிறகுதான் உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மலை மக்களின் நிலையை வழக்காக எடுத்தது. கீழே சேரியில் பிணம் விழுந்தபோதுதான் மேலே மலையில் சாலை இல்லை, பள்ளி சரியில்லை என்பது நாட்டுக்குத் தெரிந்தது. சேரிக்கும் மலைக்கும் உள்ள உறவு அது. ஏழாம் வகுப்பில் நின்றுபோன பையனைத் தேடிக்கொண்டு எந்த அதிகாரி வீடு வரை போனார் என்று அன்றைக்கே கேட்டிருந்தால், மரம் வெட்டக் கூப்பிட்ட மேஸ்திரிக்கு ஆள் கிடைத்திருக்காது.

அதிகாரிகள் மீது எனக்குத் தனிப்பட்ட பகை ஒன்றும் இல்லை. அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மேலே உள்ளவருக்குப் பயந்து பயந்து அவர்களும் தேய்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: மேலே பார்த்துப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டுக் கீழே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குப் பதில் சொல்லுங்கள்.

அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் இன்னாடு, சேராப்பட்டு, கரியாலூர்ப் பக்கத்து உறுப்பினர்களும் தங்கள் பள்ளியின் பார்வைப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டதை எங்களுக்கு எழுதுங்கள், எழுத முடியாதவர்கள் சொல்லி அனுப்புங்கள்.

ஜெய்பீம்.